சேலம் மாநகராட்சியில் தூய்மைப் பணி ஒப்பந்தம்: டெண்டர் முதல் கடைசி பில் வரை முழுமையான வழிகாட்டி

மாநகராட்சிக்கு ஆள் வழங்கும் ஒப்பந்தம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு மார்ஜின் நிற்கும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் பில் பணம் ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும், ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதிக்குள் அத்தனை பேருக்கும் உங்களால் சம்பளம் போட முடியுமா? முடியும் என்றால் மேலே படியுங்கள். முடியாது என்றால் இப்போதைக்குச் சின்ன வேலையாக எடுங்கள்: ஒரு பூங்காப் பராமரிப்பு, இரண்டு பொதுக் கழிப்பறை, அந்த அளவில். காலை ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பித் தெருவைக் கூட்டுகிற ஒரு அம்மாவின் சம்பளத்தை நம் பணப்புழக்கத்துக்கு முட்டுக் கொடுக்கிற தொழிலாக இது ஆகிவிடக் கூடாது. இந்த வழிகாட்டியில் சொல்லியிருக்கும் எல்லாமே அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

தூய்மைப் பணியாளர், கொசு ஒழிப்புப் பணியாளர், ஓட்டுநர், பூங்கா பராமரிப்பாளர் என்று ஆட்களை வழங்கி வேலையை நடத்தும் சேவை ஒப்பந்தம் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். சாலை, கட்டடம் போன்ற சிவில் வேலைகளுக்கு வழிமுறை வேறு.

முதலில் வார்டுகளைக் கண்ணால் பாருங்கள்

சேலம் 1866-இல் நகராட்சியாகி, 1994-இல் மாநகராட்சியானது. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று 4 மண்டலங்கள், 60 வார்டுகள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 8.29 லட்சம். இந்தத் தகவல் எல்லாருக்கும் கிடைக்கும். டெண்டர் ஆவணத்தில் எழுதாத தகவல் தெருவில்தான் இருக்கிறது.

பேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் தெரு அகலம். பேட்டரி வண்டி வீட்டு வாசல் வரை போகும். குகை, அம்மாப்பேட்டையின் தறிச் சந்துகளில் அதே வண்டி திரும்ப இடமிருக்காது. தள்ளுவண்டியோடு ஒருவர் உள்ளே போய் எடுத்து வர வேண்டும். அதாவது, ஒரே எண்ணிக்கை வீடுகளுக்கு இங்கே கூடுதல் ஆள் தேவை. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் லோடு இறக்கும் நேரமும் குப்பை எடுக்கும் நேரமும் மோதும். வ.உ.சி. பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளுக்கு மறுநாள் வாழை மட்டையும் வாடிய பூவும் மற்ற நாளைவிடப் பல மடங்கு சேரும். உழவர் சந்தை இருக்கும் வார்டு என்றால், காலைச் சந்தை முடிந்த பிறகு தனியாக ஒரு நடை.

ஆகவே, டெண்டர் போடும் முன் அந்தந்த வார்டுக்குக் காலை ஆறு மணிக்குப் போங்கள். ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிறு மறுநாள், ஒரு மழை நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசுங்கள். எந்தத் தெருவில் வண்டி நுழையாது, எங்கே சாக்கடை பொங்கும், எந்தக் கடைக்காரர் பிரித்துக் கொடுப்பார், யார் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி எறிவார் என்று அவர்களுக்கு அத்துப்படி. எந்த அதிகாரியிடமும் இவ்வளவு தெளிவான விவரம் கிடைக்காது.

ஏற்காட்டில் வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மலை மேலே மாநகராட்சி கிடையாது. அது ஊராட்சி ஒன்றியம். டெண்டர் விடும் அலுவலகமும், நிதி வரும் வழியும், மே மாதக் கோடை விழா நெரிசலும் வேறு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் வண்டிச் செலவைத் தனியாகப் போடாமல் கீழே போடும் ரேட்டையே மேலேயும் போடாதீர்கள்.

டெண்டர் ஆவணத்தில் தேட வேண்டியவை

தமிழ்நாட்டில் அரசு, உள்ளாட்சிக் கொள்முதல் எல்லாம் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும் 2000-ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. 2 கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டவைக்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். 15 நாள் என்பது நிறைய மாதிரித் தோன்றும். சால்வன்சி சான்றிதழுக்கு, அதாவது உங்கள் சொத்து மதிப்புக்கான சான்றுக்கு, தாலுகா அலுவலகத்தில் நடக்க ஆரம்பித்ததும் அது எவ்வளவு குறைவு என்று புரியும். அதனால், ஆவணங்களை டெண்டர் வரும் முன்பே தயாராக வைத்திருங்கள்.

ஆவணம் நூறு பக்கம் தாண்டும். முதலில் இந்த ஆறு விஷயங்களைத் தேடி அடிக்கோடு போடுங்கள்.

- பணம் ஆளுக்கா, ஷிப்டுக்கா, வீட்டுக்கா, டன்னுக்கா? டன் கணக்கு என்றால் எடை மேடை யாருடையது, மழையில் நனைந்த குப்பைக்கு என்ன விதி?
- வார விடுமுறைக்கு மாற்று ஆள் போட வேண்டியது யார் பொறுப்பு?
- வண்டி, டீசல், பேட்டரி மாற்றம், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், சீருடை இதெல்லாம் யார் தலையில்?
- அபராதப் பட்டியல். ஒரு ஆள் வராவிட்டால் அன்றைய கூலி மட்டும் பிடிக்கிறார்களா, அதற்கு மேல் தண்டமும் உண்டா?
- ஒப்பந்தக் காலத்தில் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தால் ரேட் உயருமா?
- பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் என்று எழுதியிருக்கிறதா?

ஐந்தாவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் உள்ள தொழில்களுக்கு அகவிலைப்படி ஏப்ரல் 1 முதல் மாறும். தினக்கூலியை மாவட்ட ஆட்சியர் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் நிர்ணயிப்பார். இரண்டு வருட ஒப்பந்தத்தில் ரேட் மாறாது என்று ஒரு வரி இருந்து, நீங்கள் இன்றைய கூலியை வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டாம் வருடம் உங்கள் கைப்பணம்தான் போகும்.

சந்தேகம் எதுவாக இருந்தாலும் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை. எழுதித் தரும் விளக்கம் ஆவணத்தின் ஒரு பகுதியாகிவிடும். முந்தைய ஒப்பந்தத்தின் ரேட், பிடித்த அபராதம் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பதில் வர 30 நாள் ஆகும் என்பதால், டெண்டர் வரப்போகிறது என்று காதில் விழுந்ததுமே மனு போட்டுவிடுங்கள்.

விலை போடுவது: ஒரு கணக்கு

இங்கே நிதானமாகப் படியுங்கள். கூலி நாளுக்கு 600 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உண்மையான எண்ணை அப்போதைய அரசாணையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 26 நாளுக்கு 15,600 ரூபாய்.

அதன் மேல் உங்கள் பங்காக ஏறுபவை: பி.எப். 15,000 ரூபாய் உச்சவரம்பில், நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், 1,950. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 507. போனஸ் 8.33 சதவீதம், சுமார் 1,300. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 4.81 சதவீதம் ஒதுக்கினால் 750. சீருடை, கையுறை, காலணிக்கு மாதம் 300. தேசிய, பண்டிகை விடுமுறைகள் தமிழ்நாட்டுச் சட்டப்படி வருடத்துக்கு 9 நாள். அதை மாதத்துக்குப் பிரித்தால் 450. எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 20,857 ரூபாய். 26 ஷிப்டால் வகுத்தால் ஒரு ஷிப்டுக்கு 802.

போனஸையும் பணிக்கொடையையும் விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. "அதெல்லாம் யார் கேட்கப் போறாங்க" என்பார்கள். கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. குறித்த காலத்துக்கு என்று வேலைக்கு எடுக்கப்படுபவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை வந்துவிடுகிறது. ஐந்து வருடம் யார் இருக்கப் போகிறார்கள் என்ற பழைய கணக்கு இனி செல்லாது.

அடுத்து ஆள் எண்ணிக்கை. டெண்டரில் 40 இடம் என்று இருக்கும். 40 பேரைச் சேர்த்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. 40 இடம், 30 நாள் என்றால் 1,200 ஷிப்டு. ஒருவர் வார விடுமுறை எடுத்து 26 நாள்தான் வேலை செய்வார். 1,200-ஐ 26-ஆல் வகுங்கள்: 46 பேர் வேண்டும். அந்த ஆறு பேரை எடுக்காத ஒப்பந்ததாரர் என்ன செய்கிறார்? வார விடுமுறையை வெட்டுகிறார், அல்லது வராத ஆளை வந்ததாக எழுதுகிறார். முதலாவது அநியாயம், இரண்டாவது மோசடி. இரண்டும் விலை போடும் மேசையில் ஆரம்பித்த தப்பு.

இப்போது மேற்பார்வை. இரண்டு மேற்பார்வையாளர், அலுவலகம், பைக் பெட்ரோல், போன் எல்லாம் மாதம் 56,000 என்று வைத்தால், ஷிப்டுக்கு 47 ரூபாய்.

கடைசியாக, யாரும் போடாத வரி: காத்திருக்கும் செலவு. ஷிப்டுக்கு 802 வீதம் 1,200 ஷிப்டுக்கு மாதம் 9.62 லட்சம். மூன்று மாதம் பில் நின்றால் 28.87 லட்சம் உங்கள் கையிலிருந்து வெளியே இருக்கும். வங்கி ஓவர்டிராப்ட் வட்டி மாதம் 1 சதவீதம் என்றால் 28,872 ரூபாய். 1,200-ஆல் வகுத்தால் ஷிப்டுக்கு 24.

ஆக 802, 47, 24: மொத்தம் 873. இதற்கு மேல்தான் உங்கள் லாபம். 600 ரூபாய் கூலியில் யாராவது 720-க்கு டெண்டர் போட்டு ஜெயித்தால், அவரைத் திறமைசாலி என்று நினைக்காதீர்கள். அந்த 150 ரூபாய் யாரோ ஒருவரின் பி.எப்.பிலிருந்தோ வார விடுமுறையிலிருந்தோதான் வரப்போகிறது. அந்த விலைக்கு நீங்கள் இறங்க வேண்டாம். டெண்டர் கைவிட்டுப் போனால் போகட்டும்.

வரி விஷயம் சுருக்கமாக. மாநகராட்சியின் கடமைகள் சார்ந்து தரும் தூய சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, பொருளும் சேர்ந்த சேவையில் பொருள் மதிப்பு 25 சதவீதத்துக்குள் இருந்தாலும் விலக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் விலக்கு என்றால் நீங்கள் வாங்கும் கையுறை, சீருடை, உதிரிப்பாகத்துக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்க முடியாது, அது செலவுக் கணக்கில் ஏறும். வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1, மற்ற நிறுவனங்களுக்கு 2 சதவீதம். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கும் வரை அதுவும் முடங்கிய பணம்தான். உங்கள் ஆடிட்டரிடம் டெண்டர் ஆவணத்தையே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகத்தான் பதில் வரும்.

காகிதங்கள், அப்லோடு

இந்தப் பகுதி சலிப்பானது, கஷ்டமானதில்லை. மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம், அரசின் டெண்டர் தளத்தில் பதிவு, பான், ஜி.எஸ்.டி., பி.எப்., இ.எஸ்.ஐ. பதிவு எண்கள், மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன், ஆடிட்டர் தரும் விற்றுமுதல் சான்று, முன் அனுபவச் சான்று, கருப்புப் பட்டியலில் இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம், உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு). டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை கொள்முதல் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகாது.

தகுதி ஆவணங்கள் ஒரு கவரிலும் விலை இன்னொரு கவரிலும் போகும் இரண்டு கவர் முறை என்றால், முதலாவதான தொழில்நுட்பக் கவரில் விலை எங்கேயும் தெரியக் கூடாது. முகப்புக் கடிதத்தில்கூட ரேட்டைக் குறிப்பிடாதீர்கள். விலைப் பட்டியல் எக்செல் தாளில் செல் ஒன்றை மாற்றினாலும் தளம் ஏற்காது. கடைசி நாள் மாலை வரை காத்திருக்காமல் முந்தின நாளே ஏற்றிவிடுங்கள். முடிவு சரியில்லை என்று தோன்றினால், உத்தரவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்தப் பத்து நாளைப் புலம்பலில் கழித்துவிட்டால் அவ்வளவுதான்.

பணி ஆணை கையில் வந்ததும்

வேலை கிடைத்துவிட்டது. பாதுகாப்பு வைப்புத் தொகை, முத்திரைத்தாள் ஒப்பந்தம் எல்லாம் முடிந்து, முதல் ஷிப்டுக்கு முன் கிடைக்கும் நாட்களில் உண்மையான வேலை ஆட்களைச் சேர்ப்பதுதான். பெரும்பாலும் முந்தைய ஒப்பந்ததாரரிடம் வேலை பார்த்தவர்களே வருவார்கள். அவர்களை எடுங்கள். தெரு தெரிந்தவர்கள் அவர்கள்தான். பழைய சம்பள பாக்கி, போனஸ் பாக்கி இருந்தால் அதை எழுதி வாங்கி மாநகராட்சிக்குத் தெரிவித்துவிடுங்கள். உங்கள் தலையில் விழாது, அவர்களுடைய கோரிக்கையும் பதிவாகும்.

சேர்க்கும்போது அதிகம் சிக்குவது பெயரில்தான். ஒரு அம்மா வருகிறார். ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து, வங்கிப் பாஸ்புக்கில் அப்பா பெயரின் முதலெழுத்து, பழைய பி.எப். கணக்கில் முதலெழுத்தே இல்லை. பிறந்த தேதி ஆதாரில் ஜனவரி 1, பி.எப்.பில் ஜூன் 5. இன்று வேலை நடந்துவிடும். பத்து வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு பி.எப். எடுக்கப் போகும்போது பணம் நிற்கும். 2025 ஆகஸ்ட் முதல் புதிய பி.எப். எண் உருவாக்க உமங் செயலியில் முகப் பதிவு வேண்டும். மேற்பார்வையாளரின் போனில், நல்ல வெளிச்சத்தில், ஒவ்வொருவரையும் உட்கார வைத்து நீங்களே செய்து கொடுங்கள். பழைய எண் இருப்பவருக்குப் புதிய எண் உருவாக்காதீர்கள். அவருடைய பழைய சேமிப்பு தனியாக அனாதையாக நின்றுவிடும். பெயர்த் திருத்தத்துக்கு வார்டுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

முதல் நாளே சம்பளச் சீட்டை விளக்கிச் சொல்லுங்கள். மேலே போட்ட கணக்கில், 15,600-இல் அவர் பங்கு பி.எப். 1,800, இ.எஸ்.ஐ. 117 போகக் கைக்கு வருவது 13,683. இதை முன்னாலேயே சொல்லாவிட்டால், முதல் சம்பள நாளில் "நீங்க கமிஷன் எடுத்துக்கிட்டீங்க" என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் தவறே இல்லை, அவர்கள் பார்த்த உலகம் அப்படி. பி.எப். கட்டிய குறுஞ்செய்தி அவர்கள் போனுக்கு வருகிறதா என்று பாருங்கள். அதோடு, தூய்மைப் பணியாளர் நல வாரியத்தில் உறுப்பினராக்க மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். அது உங்கள் ஒப்பந்தக் கடமையில் எழுதியிருக்காது. செய்யுங்கள்.

கையுறை வாங்கும்போது அளவு பாருங்கள். மொத்தமாக ஆண்களுக்கான பெரிய அளவை வாங்கிக் கொடுத்துவிட்டு, "கொடுத்தோம், போட மாட்டேங்கிறாங்க" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. "விரலுக்கு மேல ஒரு இஞ்சு தொங்குதுங்க, துடைப்பம் பிடிக்க வரமாட்டேங்குது" என்று அவர்கள் சொல்வது, கேட்டால்தானே தெரியும். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் வாங்குங்கள். குப்பை பிரிப்பவருக்குத் தடிமனான ரப்பர் கையுறை, கூட்டுபவருக்கு மெல்லியது. மழைக்கோட்டைப் புரட்டாசி பிறந்த பிறகு தேடாதீர்கள்.

இன்னொன்று: பெண்கள் துணி மாற்றவும் கழிப்பறை போகவும் வார்டுக்கு ஒரு இடம். மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தையோ உரம் தயாரிக்கும் மையத்தையோ பயன்படுத்த எழுத்தில் அனுமதி கேளுங்கள். காலை ஆறு மணியிலிருந்து மதியம் வரை தெருவில் நிற்கும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு அப்படி ஒரு இடம் இல்லாததுதான் காரணம். சேலத்துச் சித்திரை வெயிலில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கிற விஷயம்.

அப்புறம், அழைக்கும் விதம். மேற்பார்வையாளருக்கு நீங்கள் சொல்லித்தரும் முதல் பாடம் இதுவாக இருக்கட்டும்: வயதில் மூத்தவர் அக்கா, அண்ணா, அம்மா. "வா, போ" கிடையாது. பெயர் தெரியாமல் நம்பர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது.

தினமும் நடத்துவது

வருகைப் பதிவு முகத்தை வைத்தோ கைரேகையிலோ செயலியில்தான் நடக்கிறது. தேய்ந்த விரலில் ரேகை விழாத நாளும் உண்டு, சிக்னல் இல்லாத சந்தும் உண்டு. எனவே காகிதத்தில் இணையாக ஒரு மஸ்டர் (வருகைப் பட்டியல்), அதில் அன்றே துப்புரவு மேற்பார்வையாளரின் கையெழுத்து. மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கும் கையெழுத்துக்குத் தணிக்கையில் பதில் சொல்ல முடியாது.

வீட்டிலேயே மக்கும், மக்காத குப்பையாகப் பிரித்து வாங்குவது ஒப்பந்தத்தில் இருக்கும், அபராதமும் இருக்கும். ஆனால் பிரித்துக் கொடுக்காத வீட்டைத் திட்டும் வேலையைத் தூய்மைப் பணியாளர் மேல் சுமத்தாதீர்கள். பிரிக்காத வீடு, கடைகளின் பட்டியலை வாரம் ஒருமுறை சுகாதாரப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

சேலத்தின் வருடக் காலண்டரைச் சுவரில் ஒட்டி வையுங்கள். சித்திரை, வைகாசியில் மாம்பழ சீசன்: கடைவீதிப் பக்கம் அழுகிய பழம், வைக்கோல், உடைந்த பெட்டி என்று ஈர எடை கூடும், அன்றன்றே எடுக்காவிட்டால் ஈ மொய்க்கும். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா, குகை வண்டி வேடிக்கை என்று ஊரே தெருவில் இருக்கும். ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணி, வாழை மரம். தீபாவளிக்குப் பட்டாசுக் குப்பை, அதை மற்ற குப்பையோடு கலக்கக் கூடாது. மழைக்காலத்தில் திருமணிமுத்தாறு ஓரப் பகுதிகளில் வடிகால் அடைப்பு, அதோடு டெங்கு வேலை.

இந்த நாட்களில் "இன்னும் பத்து ஆள் அனுப்புங்க, பில்லுல பார்த்துக்கலாம்" என்று போன் வரும். அனுப்புங்கள், ஊர் நாறக் கூடாது. ஆனால் அன்று மாலைக்குள், எத்தனை ஆள், எந்த இடம், யார் சொல்லி என்று மின்னஞ்சல் போட்டு ஒப்புதல் கேளுங்கள். இன்னும் நல்லது, ஆடி பிறக்கும் முன்பே கூடுதல் ஷிப்டுக்கு ஆணை கேட்டுக் கடிதம் கொடுத்துவிடுவது. எழுத்தில் இல்லாத ஷிப்டுக்குப் பணம் வராது. அந்தப் பத்துப் பேருக்கோ நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும்.

பாதாளச் சாக்கடை: இறக்கக் கூடாது

அடைப்பு எடுக்க ஆளை மேன்ஹோலுக்குள் இறக்கச் சொல்லி யார் சொன்னாலும், எந்த அவசரமாக இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. கழிவுநீர்க் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனால் நான் சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் வாயு ஒருவரை மயக்கமடையச் செய்ய இரண்டு மூச்சு போதும். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் திரும்ப மாட்டார். இயந்திரம் வரும் வரை சாக்கடை பொங்கட்டும். மேற்பார்வையாளர்களிடம் இதை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்: "மறுத்ததற்காக யாருக்கும் ஒரு நாள் கூலிகூடக் குறையாது" என்ற வரியோடு.

ஏழாம் தேதியும் பில்லும்

சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் போக வேண்டும். அது சட்டம். நீங்கள் போடாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் மாநகராட்சி நேரடியாகக் கொடுத்துவிட்டு உங்கள் பில்லில் பிடித்துக்கொள்ளலாம். பி.எப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் 15-ஆம் தேதி கடைசி.

பில்லைச் சம்பளத்தோடு ஒரே ஓட்டமாக வையுங்கள். மாதம் முடிந்த மறுநாள் மஸ்டரைக் கூட்டி, செயலிப் பதிவோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் துப்புரவு ஆய்வாளரோடு உட்கார்ந்து அன்றே தீர்த்துக்கொள்ளுங்கள். ஏழாம் தேதி சம்பளம் போட்டதும் வங்கிப் பட்டியலை எடுங்கள். 15-க்குள் பி.எப்., இ.எஸ்.ஐ. சலான்கள். 16-ஆம் தேதி பில் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதில் பணிச் சான்று, மஸ்டர் நகல், சம்பளப் பதிவேடு, வங்கிப் பட்டியல், பெயர் வாரியான பி.எப்., இ.எஸ்.ஐ. பட்டியல், சலான்கள், ஒப்பந்த நகல். நான்கு பட்டியலிலும் பெயர் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். மஸ்டரில் 46 பேர், பி.எப். பட்டியலில் 45 பேர் என்றால் கோப்பு திரும்பும். அந்த ஒருவர் நடுவில் நின்றவர் என்றால் அதற்கு ஒரு வரி விளக்கம் மேலேயே எழுதி வையுங்கள்.

கோப்பு சுகாதாரப் பிரிவிலிருந்து கணக்குப் பிரிவு, தணிக்கை, ஆணையர் ஒப்புதல் என்று நகரும். வாரம் ஒருமுறை எந்த மேசையில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆட்சேபம் வந்தால் அன்றே எழுத்தில் பதில். அபராதம் பிடித்தால் எந்த நாள், எந்த இடம், எந்த விதி என்று கேட்டு வாங்குங்கள். நியாயமானதை ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லாததற்குத் தேதி, இடத்தோடு கூடிய புகைப்படத்தை இணைத்து மறுப்புக் கொடுங்கள். எந்த அபராதத்தையும் பணியாளர் கூலியில் கைவைத்து ஈடுகட்டாதீர்கள்.

பில் ரொம்ப இழுத்தால், உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முதல் நினைவூட்டல் கடிதத்திலேயே உத்யம் எண்ணைக் குறிப்பிட்டு, கோப்பில் ஏற வைத்துவிடுங்கள். வழக்குக்குப் போவது அப்புறம்.

முடிக்கும்போது

காலம் முடிந்தும் அடுத்த டெண்டர் வரும் வரை தொடரச் சொல்வது சகஜம். நீட்டிப்பு ஆணை தேதியோடு கையில் வராமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். ஆணையில்லாத மாதத்தின் பில்லைத் தணிக்கை நிறுத்திவிடும். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் பணி நிறைவுச் சான்று வாங்குங்கள், அடுத்த டெண்டருக்கு அதுதான் முன் அனுபவம். வைப்புத் தொகையைத் திரும்பப் பெற நிலுவை இல்லை என்ற சான்று வேண்டும். போனஸ், விடுப்புச் சம்பளம், பணிக்கொடை எல்லாவற்றையும் ஆள் வாரியாகக் கணக்கிட்டுக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பி.எப். தளத்தில் ஒவ்வொருவருக்கும் வெளியேறிய தேதியைப் பதிவு செய்யுங்கள். அதைச் செய்யாவிட்டால் அடுத்த ஒப்பந்ததாரரிடம் சேர்ந்த பிறகும் பழைய கணக்கை மாற்றுவதில் சிக்கல் வரும், கணக்கை முடித்து முழுப் பணம் எடுப்பதிலும் சிக்கல் வரும். 46 பேருக்கும் செய்து முடிக்க ஒரு பிற்பகல் போதும். பதிவான பக்கத்தை அச்செடுத்து அவரவர் கையில் ஒன்று கொடுத்து, ஒன்றை உங்கள் கோப்பில் வையுங்கள்.